ஆந்த்ரே லெமியேர்

ஆந்த்ரே லெமியேர் (1875 – 1956) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். தொண்டையிலோ பல்லிலோ தொடங்கும் நோய்த்தொற்று கழுத்தின் பெரிய சிரைக்குள் இரத்தத்தை உறையச் செய்வதும், அவ்வுறைவின் துணுக்குகள் நுரையீரலுக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவி உயிருக்கு ஊறு விளைவிப்பதும் அரிதாக நிகழ்வனவாகும். இந்நோயின் போக்கை 1936 இல் ஒரு மருத்துவக் கட்டுரையின் மூலம் அவர் தெளிவாக வரையறுத்தார். அதனால் இந்நோய் அவரது பெயரால் லெமியேர் கூட்டறிகுறி என அழைக்கப்படுகிறது.

லெமியேர் இந்நோயை முதன்முதலில் கண்டவர் அல்லர். அதற்கு மருந்து கண்டுபிடித்தவரும் அல்லர். சிதறிக் கிடந்த செய்திகளைத் தொகுத்து, நோயாளியின் படுக்கையருகிலேயே எந்த மருத்துவரும் இந்நோயை அடையாளம் காணும் வழியைக் காட்டியதே அவரது பணியாகும். உயிர் காக்கும் மருந்துகள் வந்த பின்னர் மருத்துவ உலகம் இந்நோயைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. நோய் மீண்டும் தலைகாட்டியபோது மருத்துவர்கள் அவரது கட்டுரைக்கே திரும்ப வேண்டியிருந்தது.

பிறப்பும் கல்வியும்

லெமியேர் 1875 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் பாரிஸ் மருத்துவமனைகளில் பயிற்சி பெறுவது எளிதன்று. மாணவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டித் தேர்வுகளை எழுதி வெளிப்பயிற்சி மாணவர், உள்ளுறைப் பயிற்சி மருத்துவர் ஆகிய படிநிலைகளைக் கடக்க வேண்டும். உள்ளுறைப் பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, நோயாளிகளை இரவும் பகலும் கவனித்து வந்தனர். லெமியேர் இப்படிநிலைகளைக் கடந்து மருத்துவமனை மருத்துவரானார்.

அவர் பயின்ற காலம் நுண்ணுயிரியலின் பொற்காலம் எனலாம். லூயி பாஸ்டர் 1861 இல், ஆக்சிஜன் இல்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்பதை அறிவித்திருந்தார். 1890களின் இறுதியில் பாரிஸில் வெய்யோன், சூபேர் என்னும் இருவர், குடல்வால் அழற்சி போன்ற சீழ்பிடிக்கும் நோய்கள் பலவற்றில் இவ்வகை நுண்ணுயிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என எடுத்துக்காட்டினர். இவற்றை வளர்ப்பதற்குத் தனி முறை தேவைப்பட்டது. திறந்த தட்டில் வைத்தால் காற்றுப் பட்டு இவை வளராமல் போகும். எனவே, ஆழமான கண்ணாடிக் குழாயில் அகார் என்னும் கூழை நிரப்பி, காற்றுப் புகாத அடிப்பகுதியில் இவற்றை வளர்த்தனர். நாற்பதாண்டுகளுக்குப் பின் லெமியேரின் பணிக்கு இந்த பாரிஸ் மரபே அடித்தளமாக அமைந்தது.

ஃபெர்னான் விடாலுடன்

இளம் மருத்துவராக லெமியேர், ஃபெர்னான் விடால் என்னும் புகழ்பெற்ற மருத்துவருடன் இணைந்து பணியாற்றினார். டைஃபாய்டு காய்ச்சலைக் கண்டறிய 1896 இல் விடால் அறிமுகப்படுத்திய இரத்தப் பரிசோதனை, இன்றும் தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் விடால் பரிசோதனை என்னும் பெயரால் அறியப்படுகிறது.

விடாலும் லெமியேரும் 1903 இல் சிறுநீரக நோயாளிகளிடம் ஓர் ஆய்வினை மேற்கொண்டனர். சிறுநீரக அழற்சி உள்ளவர்களுள் சிலருக்கு உணவில் உப்பைக் கூட்டியபோது உடலில் வீக்கம் ஏற்பட்டது. உப்பைக் குறைத்தபோது வீக்கம் வடிந்தது. சிறுநீரக அழற்சியில் தோன்றும் வீக்கத்திற்கும் உப்பிற்கும் உள்ள தொடர்பு இவ்வாறு வெளிப்பட்டது. சிறுநீரக நோயாளிகளுக்கு உப்புக் குறைந்த உணவைப் பரிந்துரைக்கும் வழக்கம் வலுப்பெற்றதில் இவ்வாய்வுக்குப் பங்கு உண்டு.

இக்காலத்தில் லெமியேர் ஈடுபாடு காட்டிய மற்றொரு துறை இரத்த வளர்ப்பு ஆகும். நோயாளி உயிருடன் இருக்கும்போதே அவரது இரத்தத்தை எடுத்து, ஊட்டக் கரைசலில் இட்டு, அதில் எந்த நுண்ணுயிர் வளர்கிறது எனக் காணும் முறையே இது. இறந்தபின் உடலை அறுத்து அறிந்ததை, உயிருடன் இருக்கும்போதே அறிய இது வழிவகுத்தது. படுக்கையருகே கவனித்ததையும் ஆய்வகத்தில் கண்டதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது அவரது பிற்காலப் பணி முழுவதிலும் காணப்படுகிறது.

கிளாட் பெர்னார்ட் மருத்துவமனை

பின்னர் லெமியேர் பாரிஸ் மருத்துவப் பீடத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராகவும், கிளாட் பெர்னார்ட் மருத்துவமனையில் மருத்துவராகவும் விளங்கினார். உடலியங்கியல் அறிஞர் கிளாட் பெர்னாரின் பெயர் சூட்டப்பட்ட இம்மருத்துவமனை, பாரிஸின் வடக்கு எல்லையில் தொற்றுநோய்களுக்கென்றே கட்டப்பட்டதாகும்.

தொற்றுநோய்கள் மட்டுமே சேர்க்கப்படும் ஒரு மருத்துவமனையில் பணியாற்றியது லெமியேருக்கு ஒரு வாய்ப்பைத் தந்தது. பொது மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் மருத்துவர் தம் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ காணக்கூடிய அரிய தொற்றினை, அங்கே மீண்டும் மீண்டும் காண முடிந்தது. தனித்தனியே பார்த்தால் தொடர்பற்றவையாகத் தோன்றும் நோயாளிகளின் கதைகள், அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரே வடிவம் கொண்டிருப்பது புலப்பட்டது.

நோயின் முன்வரலாறு

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் பாக்டீரியா, இன்று ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என அழைக்கப்படுகிறது. நெக்ரோஃபோரம் என்னும் சொல், இறப்பைத் தாங்கி வருவது எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. ஆக்சிஜன் உள்ள சூழலில் இது வளர்வதில்லை. மனிதரைவிடக் கால்நடைகளிடமே இது முதலில் அறியப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிக் லோஃப்லர் 1884 இல், கன்றுகளின் தொண்டையைத் தாக்கும் ஒரு நோயில் இதனை விவரித்தார். பாரிஸில் ஜான் ஹாலே 1898 இல் மனிதரிடமிருந்து இத்தகைய ஒரு நுண்ணுயிரைப் பிரித்து விவரித்தார். லெமியேரின் காலத்துப் பிரெஞ்சு மருத்துவர்கள் இதனைப் பாசில்லஸ் ஃபண்டுலிஃபார்மிஸ் என்னும் பெயரால் குறித்தனர்.

பிரான்ஸைச் சேர்ந்த கூர்மோன், காட் ஆகிய இருவரும் 1900 இல், ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியா ஒன்று மனிதரின் இரத்தத்தில் பரவி உயிரைப் பறித்த நிகழ்வினை விவரித்தனர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பணியாற்றிய ஹூகோ ஷொட்முல்லர், உடலில் ஏதோ ஓரிடத்திலுள்ள நோய்மூலத்திலிருந்து நுண்ணுயிர்கள் தொடர்ந்தோ விட்டுவிட்டோ இரத்தத்தில் கலப்பதே செப்சிஸ் எனப்படும் குருதி நச்சேற்றம் என 1914 இல் வரையறுத்திருந்தார். தொண்டைப்புண்ணுக்குப் பின் வரும் குருதி நச்சேற்றத்தில் அந்த மூலம் கழுத்துச் சிரையில் உறைந்த இரத்தமாக இருக்கக்கூடும் என்பதை 1910களிலும் 1920களிலும் ஜெர்மானிய மருத்துவர்கள் உணர்ந்திருந்தனர். 1930 ஆம் ஆண்டையொட்டி பாரிஸில் பியேர் தெய்சியே, ஜான் ரெய்லி முதலானோரும் இப்பாக்டீரியாவால் ஏற்படும் குருதி நச்சேற்றத்தை ஆராய்ந்தனர்.

எனவே, 1936 இல் லெமியேர் எழுதியபோது அடிப்படைச் செய்திகள் பலவும் ஏற்கெனவே அச்சில் இருந்தன. ஆயினும் அவை வெவ்வேறு மொழிகளிலும் வெவ்வேறு துறை இதழ்களிலும் சிதறியிருந்தன. தொண்டை மருத்துவர், அறுவை மருத்துவர், நுண்ணுயிரியலாளர் ஆகிய ஒவ்வொருவரும் நோயின் ஒரு பகுதியையே கண்டனர்.

1936 ஆம் ஆண்டுக் கட்டுரை

லண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் என்னும் மருத்துவ வார இதழில் 1936 இல் லெமியேரின் கட்டுரை வெளியானது. ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிர்களால் உண்டாகும் சில குருதி நச்சேற்றங்களைப் பற்றியது அது. இதழின் சில பக்கங்களுக்குள் அடங்கிய சிறிய கட்டுரையே ஆயினும், அவரது பெயரை நிலைநிறுத்தியது அதுவே ஆகும்.

இக்கட்டுரையில் 20 நோயாளிகளைப் பற்றிய தகவல்கள் தொகுக்கப்பட்டிருந்தன. அவர்களுள் 18 பேர் இறந்தனர்.

நோய் பரவத் தொடங்கும் இடங்களை லெமியேர் வகைப்படுத்தினார். டான்சில் எனப்படும் தொண்டைச் சதையின் அழற்சியும் அதனைச் சுற்றித் தோன்றும் சீழ்க்கட்டியும் முதன்மையானவை. வாய், தாடை ஆகியவற்றின் தொற்றுகள், நடுக்காது அழற்சி, மகப்பேற்றுக்குப் பின் கருப்பையில் ஏற்படும் தொற்று, குடல்வால் அழற்சி, சிறுநீர்ப் பாதைத் தொற்று ஆகியவற்றையும் அவர் குறிப்பிட்டார். பின்னாளில் அவரது பெயர், தலை, கழுத்துப் பகுதிகளில் தொடங்கும் வகைக்கே பெரும்பாலும் வழங்கலாயிற்று.

கட்டுரையின் உயிர்நாடி, நோயின் போக்கு பற்றிய விளக்கமாகும். உடல்நலம் வாய்ந்த ஓர் இளைஞருக்குத் தொண்டைப்புண் வருகிறது. சில நாள்கள் கழித்து, தொண்டை வலி தணியத் தொடங்கிய நிலையிலும் கூட, உடலை உலுக்கும் குளிருடன் கடுங்காய்ச்சல் தோன்றுகிறது. அது விட்டுவிட்டு மீண்டும் வருகிறது. அதன்பின் நெஞ்சு வலியும் மூச்சுத்திணறலும் தோன்றி நுரையீரல் பாதிக்கப்பட்டமை தெரியவருகிறது. சிலருக்கு மூட்டுகள் வீங்குகின்றன. இந்த வரிசை மிகவும் தனித்தன்மை வாய்ந்தது என்றும், இதனை அறிந்த மருத்துவர் ஆய்வக முடிவு வரும் முன்னரே நோயை ஏறத்தாழப் பிழையின்றிக் கணிக்க இயலும் என்றும் லெமியேர் கருதினார்.

இக்கருத்து நடைமுறையில் பெரும் மதிப்புடையது. ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. இரத்த வளர்ப்பின் முடிவு தெரிய பல நாள்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்க நோயாளிக்கு நேரம் இருப்பதில்லை.

நோய் உண்டாகும் முறை

தொண்டையின் பக்கவாட்டில், தசைகளுக்கிடையே ஓர் இடைவெளி உள்ளது. மூளையிலிருந்து இதயத்திற்கு இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் உட்கழுத்துச் சிரை இவ்விடைவெளியின் வழியே செல்கிறது. டான்சிலிலிருந்து தொற்று சிறிய சிரைகளின் வழியாகவோ திசுக்களை ஊடுருவியோ இச்சிரையை அடைகிறது. பல்லிலிருந்தும் இவ்வாறே நிகழலாம். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேரடியில் சீழ்பிடித்தால், அது தாடையின் உட்புறமாகப் பரவித் தொண்டையின் பக்கத்து இடைவெளியை எட்டக்கூடும்.

தொற்று சிரையின் சுவரை அடைந்ததும் அங்கு அழற்சி ஏற்பட்டு இரத்தம் உறைகிறது. உறைந்த கட்டிக்குள் பாக்டீரியாக்கள் தங்கிப் பெருகுகின்றன. கட்டியிலிருந்து அவ்வப்போது உடைந்து வரும் துணுக்குகள், இரத்த ஓட்டத்துடன் இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படுகின்றன. நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அவை சிக்கிக்கொள்ளும் இடமெல்லாம் சீழ்க்கட்டி உருவாகிறது. குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வருவது, பாக்டீரியாக்கள் தவணை முறையில் இரத்தத்தில் கலப்பதன் வெளிப்பாடாகும். நுரையீரலைக் கடந்து செல்லும் பாக்டீரியாக்கள் மூட்டு, கல்லீரல், எலும்பு, மூளை ஆகியவற்றையும் தாக்கலாம்.

கழுத்தின் ஒரு பக்கத்தில், தாடைக் கோணத்திலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் தசையை ஒட்டி வலியும் வீக்கமும் காணப்படுவது ஒரு முக்கிய அறிகுறியாகும். ஆயினும் எல்லா நோயாளிகளிடமும் இது தெளிவாகத் தெரிவதில்லை. அதனால்தான் நுரையீரல் அழற்சி எனக் கருதி மருத்துவம் தொடங்கப்படும் நிகழ்வுகள் ஏற்படுகின்றன.

லெமியேர் காலத்து மருத்துவம்

1936 இல் இந்நோய்க்கு எதிராக மருத்துவரிடம் இருந்தவை மிகச் சிலவே. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928 இல் பெனிசிலினைக் கண்டறிந்திருந்தாலும், அது இன்னும் மருந்தாக உருவாகவில்லை. சல்ஃபா மருந்துகள் அப்போதுதான் அறிமுகமாகியிருந்தன.

எஞ்சியிருந்தது அறுவை மருத்துவம். தொண்டையிலும் கழுத்திலும் உள்ள சீழை வெளியேற்றினர். இரத்தம் உறைந்த கழுத்துச் சிரையை, உறைவுக்குக் கீழே இதயப் பக்கமாகக் கட்டினர். சில வேளைகளில் அச்சிரையின் பகுதியையே வெட்டி நீக்கினர். நச்சுத் துணுக்குகள் புறப்படும் வழியை அடைத்துவிட்டால் நுரையீரல் காக்கப்படும் என்பது இதன் அடிப்படை. உட்கழுத்துச் சிரை இருபக்கமும் இருப்பதால் ஒன்றைக் கட்டினாலும் மற்றொன்றின் வழியே இரத்தம் திரும்ப இயலும்.

இதன் கருத்து சரியானதே என்றாலும், காலம் எதிராக இருந்தது. நோய் உறுதிப்படும் வேளையில் துணுக்குகள் பெரும்பாலும் நுரையீரலை அடைந்திருந்தன. அங்கு பரவிய சீழ்க்கட்டிகளைக் கத்தியால் தீர்க்க முடியவில்லை. நோயைச் சரியாக அறிந்தும் காப்பாற்ற இயலாத நிலையிலேயே மருத்துவர்கள் இருந்தனர்.

நுண்ணுயிர் எதிரிகளின் வருகை

1941 இல் பெனிசிலின் மனிதருக்கு மருந்தாகச் செலுத்தப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் அது பரவலாகக் கிடைக்கலாயிற்று. லெமியேர் விவரித்த பாக்டீரியா பெனிசிலினுக்கு எளிதில் அடங்கக்கூடியதாக இருந்தது. இருபதில் பதினெட்டுப் பேரைக் கொன்ற நோய், தக்க வேளையில் மருந்து கிடைத்தால் குணமாகும் நோயாக மாறியது.

அதனினும் பெரிய மாற்றம் வேறொன்று. தொண்டைப்புண்ணுக்கே பெனிசிலின் தாராளமாகக் கொடுக்கப்பட்டதால், தொற்று கழுத்துச் சிரையை எட்டும் முன்னரே பலரிடம் அடங்கிவிட்டது எனக் கருதப்படுகிறது. 1950களுக்குப் பின் இந்நோய் பற்றிய செய்திகள் மருத்துவ இதழ்களில் மிக அருகின.

பிற பணிகளும் இறுதிக்காலமும்

லெமியேர் தொற்றுநோய் மருத்துவராகவும் ஆசிரியராகவும் நீண்டகாலம் செயற்பட்டார். இரண்டாம் உலகப்போருக்குப் பின், பல தொகுதிகளைக் கொண்ட விரிவான பிரெஞ்சு மருத்துவ நூல் ஒன்றின் பதிப்பாசிரியர்களுள் ஒருவராக விளங்கினார். சிறுநீரகம், இரத்தம், தொற்று எனப் பல துறைகளில் அவர் பணியாற்றியிருந்தும், பிரான்ஸுக்கு வெளியே அவரது பெயர் ஒரே நோயுடன் இணைத்தே நினைவுகூரப்படுகிறது.

அவர் 1956 இல் காலமானார். தாம் விவரித்த நோய் மருந்தினால் அடங்குவதை உலகம் கண்டுவிட்டிருந்த காலம் அது.

மறக்கப்பட்ட நோய்

லெமியேரின் மறைவுக்குப் பின் வந்த இரு தலைமுறை மருத்துவர்களுள் பெரும்பாலோர் இந்நோயைக் கண்டதில்லை. நூல்களில் அது ஒரு வரியாகச் சுருங்கியது. மருத்துவ எழுத்துகளில் இது மறக்கப்பட்ட நோய் என்றே பெயர் பெற்றது.

1990களிலிருந்து இந்நோய் பற்றிய செய்திகள் மீண்டும் பெருகத் தொடங்கின. டென்மார்க்கில் 1998 முதல் 2001 வரை நாடு முழுவதையும் உள்ளடக்கி ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன்படி ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் 3.6 பேருக்கு இந்நோய் ஏற்பட்டது. 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களிடம் இது பத்து இலட்சத்துக்கு 14.4 ஆக இருந்தது. நோயுற்றவர்களுள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் இறந்தனர். லெமியேரின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் இறப்போர் பெரும்பாலும் உடல்நலம் வாய்ந்த இளையோர் என்பதால், இது புறக்கணிக்கத்தக்க எண் அன்று.

நோய் மீண்டமைக்குப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. தொண்டைப்புண்களுள் பெரும்பாலானவை வைரசால் வருபவை. அவற்றுக்கு நுண்ணுயிர் எதிரிகளால் பயனில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகுவதைத் தடுக்க, தேவையின்றி இம்மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என மருத்துவர்கள் அறிவுறுத்தப்பட்டனர். இது சரியான கொள்கையே. ஆனால், அதன் ஒரு விளைவாக இந்நோய் சற்றுக் கூடியிருக்கலாம் என்னும் கருத்து உண்டு. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகிய மருந்துகளை உள்ளடக்கிய மேக்ரோலைடு வகை இப்பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவதில் நம்பத்தக்கதன்று என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது. ஆய்வக முறைகளும் படமெடுக்கும் கருவிகளும் மேம்பட்டதால், முன்பு கண்டறியப்படாமல் போனவை இப்போது கண்டறியப்படுகின்றன என்பாரும் உளர். இவற்றுள் எது முதன்மைக் காரணம் என்பது முடிவாக நிறுவப்படவில்லை.

எல்லாத் தொண்டைப்புண்ணுக்கும் மருந்து கொடுப்பது தீர்வாகாத நிலையில், ஆபத்தான ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவதே வழியாகும். லெமியேர் எழுதிவைத்த நோய்ப்போக்கு இதற்குத்தான் தேவைப்படுகிறது.

இன்றைய மருத்துவம்

ஐயம் எழுந்தவுடன், மருந்து தொடங்கும் முன்னரே இரத்த வளர்ப்புக்காக இரத்தம் எடுக்கப்படுகிறது. ஆக்சிஜன் இல்லாச் சூழலில் வளர்க்கும் குப்பியிலும் அது இடப்படுகிறது. நிறமூட்டும் மருந்தைச் சிரையில் செலுத்திக் கழுத்தையும் நெஞ்சையும் சி.டி. ஸ்கேன் எடுத்தால், சிரையிலுள்ள உறைவும் நுரையீரலில் சிதறிய சீழ்க்கட்டிகளும் தெரியும். ஒலியலைப் படம் எளிதானது, கதிர்வீச்சும் அற்றது. ஆனால் தாடை எலும்புக்கும் கழுத்துப்பட்டை எலும்புக்கும் பின்னால் மறைந்துள்ள சிரைப் பகுதியை அது சரிவரக் காட்டாது.

மருத்துவத்தின் அடிப்படை நுண்ணுயிர் எதிரிகளே. இப்பாக்டீரியாவின் சில வகைகள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. ஆகையால், அந்நொதியைத் தடுக்கும் பொருள் சேர்ந்த பெனிசிலின் வகை மருந்தோ, கார்பாபெனம் வகை மருந்தோ, செஃப்ட்ரியாக்சோனுடன் மெட்ரோனிடசோலோ கொடுக்கப்படுகிறது. முதலில் சிரை வழியாகவும், உடல்நிலை தேறியபின் வாய் வழியாகவும் மருந்து தரப்படுவது வழக்கம். உறைந்த கட்டிக்குள் மருந்து ஊடுருவுவது கடினம் என்பதால் பொதுவாக 3 முதல் 6 வாரங்கள் வரை மருத்துவம் நீள்கிறது.

நோய்மூலத்தை அகற்றுவதும் இன்றியமையாதது. தொண்டையிலோ கழுத்திலோ சீழ்க்கட்டி இருப்பின் அது வடிக்கப்படுகிறது. பல்லே காரணமாயின் அப்பல்லுக்கு மருத்துவம் செய்யப்படுகிறது அல்லது பல் பிடுங்கப்படுகிறது. நெஞ்சறையில் சீழ் தேங்கினால் குழாய் மூலம் வெளியேற்றப்படுகிறது. சிரையைக் கட்டும் பழைய அறுவை, மருந்துக்கு அடங்காத அரிய நிலைகளில் மட்டுமே எண்ணிப் பார்க்கப்படுகிறது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுக்க வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. உறைவு பெரிதாவதையும், மூளைப் பக்கமாக மேலேறுவதையும் இம்மருந்துகள் தடுக்கும் என்பது ஆதரிப்போர் கருத்து. நுண்ணுயிர் எதிரிகளாலேயே பெரும்பாலோர் குணமடைகின்றனர். தேவையின்றி இரத்தக்கசிவு ஆபத்தை ஏற்கலாகாது என்பது மறுப்போர் கருத்து. நோய் அரிதானது என்பதால் இரு பிரிவாக நோயாளிகளைப் பிரித்து ஒப்பிடும் பெரிய ஆய்வுகள் இல்லை. சிறு தொகுப்புகளே உள்ளன. உறைவு மூளையின் சிரைக் குழிகளுக்குப் பரவும்போதும், மருந்து கொடுத்தும் உறைவு வளரும்போதும் பல மருத்துவர்கள் இம்மருந்துகளைப் பயன்படுத்துகின்றனர்.

வேறு பாக்டீரியாக்களாலும் இதே நிலை உண்டாகலாம். வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் காரணமாக அறியப்பட்டுள்ளன. நீரிழிவு நோயாளிகளிடம் கிளெப்சியெல்லா நிமோனியேயால் ஏற்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. எனவே இரத்த வளர்ப்பின் முடிவுக்கேற்ப மருந்து மாற்றியமைக்கப்படுகிறது.

மரபு

நோய்களுக்கு மருத்துவர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் இன்று குறைந்துவருகிறது. நோயின் தன்மையை விளக்கும் பெயரே சிறந்தது என்பது பொதுவான கருத்து. ஆயினும் லெமியேரின் பெயர் நீடிப்பதற்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. தொண்டைப்புண், கழுத்து வலி, குளிர்காய்ச்சல், நெஞ்சு வலி என்னும் நான்கையும் தனித்தனி நோய்களாகக் காணாமல் ஒரே நோயின் படிகளாகக் காண வேண்டும் என்பதை அப்பெயர் நினைவூட்டுகிறது.

கிளாட் பெர்னார்ட் மருத்துவமனையின் பழைய கட்டடங்கள் பின்னாளில் கைவிடப்பட்டன. அதன் பணிகள் பிஷா மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, இரு பெயர்களும் இணைந்து பிஷா–கிளாட் பெர்னார்ட் மருத்துவமனை என வழங்கப்படுகிறது.

மருந்துகளும் கருவிகளும் லெமியேரின் காலத்திலிருந்து முற்றிலும் மாறிவிட்டன. எனினும் நோயைக் கண்டறியும் முதற்படி மாறவில்லை. தொண்டை வலி வந்து சில நாள்களில் உடலை உலுக்கும் குளிருடன் காய்ச்சல், கழுத்தின் ஒருபக்க வலி, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். அவற்றின் வரிசையை நோயாளி சொல்வதும் மருத்துவர் கேட்டறிவதுமே உரிய மருந்து உரிய நேரத்தில் கிடைக்க வழிசெய்யும்.